புள்ளியில்லாத முயல்

கோவென்ட்ரி
8 அக்டோபர் 2023

மன்னிக்கு, சக்ரபாணி சேவித்து எழுதுவது.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அண்ணாவின் காரியங்கள் முடிகிறவரை நீங்கள் உட்காரவே இல்லை. இப்போதாவது உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்திக் கத்திச் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், அந்தப் பொடி எழுத்தைப் படிக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டீர்கள். அதனால் பழையபடி காகிதம். எனக்கும் தமிழில் எழுத இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை.

முன்னறைப் படங்களைப் பற்றித்தான் போனில் சொன்னேன். அந்த அறையைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றீர்கள், நல்ல யோசனை. ஆனால் படங்களைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். அவை இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டியவை என்று அண்ணா சொல்வார். ஊட்டி பங்களாக்கள் காலியானபோதும், சென்னையில் பழைய கிளப்புகள் சாமான்களை ஏலம் விட்டபோதும் ஓடி ஓடிச் சேர்த்தார். பரணில் ஒரு மழைக்காலம் தாங்காது.

இங்கே இந்த மாதிரிப் படங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் எனக்குப் பழக்கம். முதலில் மிருகங்களை அனுப்புங்கள்: குதிரை, நாய், மாடு, சிவப்புக் கோட்டு துரைகள் நரிவேட்டைக்குப் போகிறது, எல்லாம். அவரிடம் காட்டி, எது என்ன என்று கேட்டுச் சொல்கிறேன். பூப் படங்களை அப்புறம் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள
சக்ரபாணி


ஸ்ரீபெரும்புதூர்
2 நவம்பர் 2023

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் ஆரம்பித்திருக்குமே, உனக்கு மூச்சு முட்டுகிறதா? குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே படங்களை இறக்க ஆரம்பித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வீட்டு வேலை செய்யும் கனகத்தை நிறுத்தியிருந்தேன். அவள் இத்தனை வருஷம் அந்த அறையைப் பெருக்கியவள், நிமிர்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. பரிசு வாங்கின மாடு ஒன்று இருக்கிறதே, உடம்பு சதுரமாக, அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னாம்மா இது, மாடா பீரோவா? பீரோவுக்குக் காலு முளைச்ச மாரி கீது!" என்றாள். உன் அண்ணா போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

உனக்கு அந்தப் படங்கள் ஆசையாக இருக்கலாம். நான் அவற்றோடு குடித்தனம் செய்தவள். ஒரகடத்தில் டூல் ரூமில் வாரமெல்லாம் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று கிளம்புவார். சாயங்காலம் கக்கத்தில் ஒரு சுருளோடு வருவார். ஓ.டி. எந்தக் கடையில் நடந்தது என்று நான் கேட்டதில்லை. அந்தக் குதிரைகளின் பல்வரிசை அவருக்கு மனப்பாடம். எனக்கு எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று தெரியாது.

போகட்டும். அவரோடு வேலை செய்த நம்பிராஜன் குன்றத்தூரிலிருந்து வந்து, சட்டங்களைக் கழற்றி, தாளுக்குத் தாள் நடுவில் மெல்லிய காகிதம் வைத்து, அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். கூரியரில் போட்டாகிவிட்டது. மிருகங்கள் எல்லாம் உன்னிடம் வருகின்றன. பூக்கள் இங்கே பீரோவில் இருக்கின்றன.

பெருமாள் உங்களைக் காப்பாற்றட்டும்.

மன்னி


கோவென்ட்ரி
27 நவம்பர் 2023

மன்னிக்கு, சக்ரபாணி சேவித்து எழுதுவது.

இங்கே சௌக்கியம். அங்கே மழை என்று செய்தியில் பார்த்தேன். செம்பரம்பாக்கம் நிரம்புகிறதாமே. வீட்டுப் பக்கம் தண்ணீர் வரவில்லையே?

பெட்டி வந்து சேர்ந்தது. ஒன்றுக்கும் சேதமில்லை. நம்பிராஜனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

பீரோ சுவரோடு ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். பூப் படங்களுக்கு நடுவிலும் காகிதம் வைத்திருக்கிறீர்களா? நாப்தலீன் உருண்டை போடவேண்டாம்.

அந்த மனிதரிடம் இன்னும் காட்டவில்லை. வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

சக்ரபாணி


ஸ்ரீபெரும்புதூர்
18 ஜனவரி 2024

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

எல்லாரும் க்ஷேமமா? நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. புயல் மழையில் தபால் எங்கேயாவது நனைந்து போயிற்றோ என்று நினைத்தேன். இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. கனகம்தான் அவள் வீட்டிலிருந்து கரும்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். வாங்கிக்கொண்டேன்.

மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். கம்பெனி பஸ்கள் வரவில்லை, மின்சாரமும் இல்லை. நீ சொன்னாயே என்று பீரோவைச் சுவரிலிருந்து தள்ளினேன். தள்ளினபோது பூப் படங்களை வெளியே எடுக்கவேண்டி வந்தது. கட்டில்மேல் பரப்பினேன். வேறு வேலை இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சக்ரபாணி, நான் அவற்றை அதுவரை பார்த்ததே இல்லை. ஒருநாள் உன் அண்ணா ஒரு செங்காந்தளைக் கொண்டுவந்து, "அம்ருதா, ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொன்னேன். பால் இல்லை அன்றைக்கு. இப்போது அந்தப் படத்தை ஜன்னலண்டை எடுத்துப்போய்ப் பார்த்தேன். இதழ் மஞ்சளாக ஆரம்பித்துச் சிவப்பாக முடிகிறதே, அந்த இடத்தில் தூரிகை கொஞ்சம் நின்று யோசித்திருக்கிறது. யாரோ ஒரு மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறான். அதைத் தேடி இன்னொரு மனுஷன் பஸ் ஏறிப் போயிருக்கிறான். அவ்வளவுதானே? அதற்கா நான் அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று தோன்றிற்று.

உன் நண்பர் பார்த்துவிட்டாரா? உயர்ந்த சரக்குதான் என்று அவர் சொன்னால் எனக்கு ஓர் ஆசை. விற்கவேண்டாம். ஏதாவது ஒரு காட்சிசாலைக்குக் கொடுத்து, கீழே "புருஷோத்தமன் சேகரித்தவை" என்று ஒரு வரி போடச் சொல்லவேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் பெயர் வேறு எங்கேயும் எழுதப்போவதில்லை.

சீக்கிரம் பதில் போடு.

மன்னி


கோவென்ட்ரி
20 பிப்ரவரி 2024

மன்னிக்கு, சக்ரபாணி சேவித்து எழுதுவது.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை எப்போதும் வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுதக் கை வரவில்லை. அதனால்தான் தாமதம். அந்த நண்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அவை அசல் இல்லை, மன்னி. பழைய படங்களைப் போட்டோ எடுத்து, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் மிஷினில் அடித்த நகல்கள். காகிதத்துக்குத் தேயிலைத் தண்ணீர் காட்டிப் பழசாக்கியிருக்கிறார்கள். நானே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செதுக்கி அடித்த படத்தில் கோடுகள் இருக்கும். இவற்றில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது, செய்தித்தாள் படம் மாதிரி.

பாவம் அண்ணா. எத்தனை பேர் அவரை ஏமாற்றியிருப்பார்கள். நல்லவேளை, தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

காட்சிசாலை என்று யாரிடமும் போய்க் கேட்டுவிடாதீர்கள். அவருக்குத்தான் தலைகுனிவு. பூப் படங்களும் அதே கடைகளில் வாங்கினவைதானே. அவற்றையும் எனக்கே அனுப்பிவிடுங்கள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் பார்க்க மாட்டிக்கொள்வார்கள். உங்களுக்கும் பீரோ காலியாகும்.

மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

சக்ரபாணி


ஸ்ரீபெரும்புதூர்
11 மார்ச் 2024

சிரஞ்சீவி சக்ரபாணிக்கு ஆசீர்வாதம்.

உடம்பு தேவலை. உன் கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்கு நீ வருத்தப்படவேண்டாம். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பூப் படங்களை அனுப்பவில்லை. போலிக் காகிதத்துக்குக் கூரியர் எதற்கு? கிணற்றடியில் வைத்து எரித்துவிட்டேன்.

என் அப்பா காஞ்சிபுரத்தில் பரமபதித்த அன்றைக்கு நீ இந்தியாவில் இல்லை. உனக்குத் தெரியாது. காலையில் தகவல் போயிற்று. உன் அண்ணா வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு சுருள். என் அம்மா விழுந்து கிடக்கிறாள், இவர் என் தம்பியிடம் போய், "இது நனையாமல் வைக்க ஒரு இடம் இருக்குமா?" என்று கேட்டார். என் பிறந்தகத்து மனுஷர்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. அன்றைக்கு அவர் வாங்கிவந்தது எந்தப் படம் என்று எனக்குத் தெரியாது. எதுவாயிருந்தால் என்ன, அதுவும் நகல்தானே. என் அப்பாவின் முகத்தை ஒரு நகலுக்காகப் பார்க்காமல் விட்டவர். அதை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

கனகம் பக்கத்தில் நின்றாள். "நல்லாத்தானே கீது இந்தப் பூவு. எதுக்கும்மா கொளுத்துற? ஒண்ணு குடேன், வூட்ல மாட்டிக்கினு போறேன்" என்றாள். "போலிடீ, உனக்கு எதுக்கு?" என்று அதையும் போட்டேன். "பூவுல இன்னாம்மா போலி?" என்றாள். போய்ப் பாத்திரத்தைத் தேய் என்றேன்.

காகிதம் கனம். சீக்கிரம் பற்றவில்லை.

முன்னறைக்குத் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். செல்போன் கம்பெனியில் லைனில் வேலை. அமைதியான பெண்கள். நீ அங்கே வைத்திருக்கிற மிருகங்களையும் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடு.

மன்னி


கோவென்ட்ரி
22 மார்ச் 2024

மன்னி,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே கூரியரில் இதை அனுப்புகிறேன்.

என்ன காரியம் செய்தீர்கள்? எல்லாவற்றையுமா? அந்தச் செங்காந்தளையுமா? நாகலிங்கப் பூ ஒன்று இருந்ததே, ஓரத்தில் பழுப்பு மையில் யாரோ தமிழில் பெயர் எழுதியிருப்பார்களே, அதையுமா எரித்தீர்கள்? உங்களை யார் எரிக்கச் சொன்னது? அனுப்புங்கள் என்றுதானே எழுதினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இனி அவை கிடைக்குமா? உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்குமா?

ஓரம் கருகினது, பாதி எரிந்தது, ஏதாவது மிச்சம் இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். கனகத்தை விட்டுக் கிணற்றடியில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம்.

நான் இரண்டு நாளாகத் தூங்க...

இல்லை, இன்று முழுவதும் சாப்பிடவில்லை.

சக்ரபாணி


ஸ்ரீபெரும்புதூர்
6 மே 2024

சக்ரபாணிக்கு ஆசீர்வாதம்.

நீ சாப்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடையவர் உற்சவம். தெரு முழுக்க ஜனம். நான் வெளியே போகவில்லை, வாசலில் நின்று சேவித்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அண்ணா போன செய்தி கேட்டு நீ வந்து நின்றபோதுகூட இப்படிப் பதறவில்லை. முதலில் நான் வெட்கப்பட்டேன். அண்ணாவின் ஞாபகத்தை எரித்துவிட்டாளே என்ற துக்கம் போலிருக்கிறது, பிள்ளைக்கு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அடுப்படியில் தளிகை பண்ணிக்கொண்டிருக்கும்போது, "உலகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்குமா" என்ற வரி நினைவுக்கு வந்தது. மிஷினில் அடித்த நகலை ஏன் உலகமெல்லாம் தேடவேண்டும்?

பார்க்கலாம் என்றால் என்னிடம் ஒரு படமும் இல்லை. பாதியை உன்னிடம் அனுப்பினேன், மீதியைக் கொளுத்தினேன். நம்பிராஜன் குன்றத்தூரில் வீடு கட்டினபோது உன் அண்ணா ஒரு முயல் படம் கொடுத்தது ஞாபகம் வந்தது. மேஜை இழுப்பறையில் அவர் கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் இருந்தது. அதை எடுத்து முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நம்பிராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, இந்த வெயில்ல வந்திருக்கிய? ஒரு போன் போட்டா நானே வந்திருப்பம்லா?" என்றார். முயலைப் பார்க்கவேண்டும் என்றேன். "சார் குடுத்ததுல்லா, சாமி படத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கேன்" என்று இறக்கி, சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

முதலில் அவர் வீட்டுக் காலண்டரில் லென்ஸை வைத்தேன். நீ சொன்னது சரி. சாமியின் கன்னம் முழுக்கப் புள்ளி. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொடிப்பொடியாக. அப்புறம் முயலைப் பார்த்தேன். காதிலிருந்து வால் வரைக்கும் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. மயிரிழை மாதிரிக் கோடுகள், ஒன்று கெட்டியாக, ஒன்று மெலிசாக. வண்ணம் ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, கை தவறினால் வழிகிற மாதிரி. தாளைத் திருப்பி விரலால் தடவினேன். படத்தைச் சுற்றித் தகடு அழுந்தின பள்ளம் கைக்குத் தட்டுப்படுகிறது.

"என்னம்மா, எதுக்கு அழுதிய?" என்று நம்பிராஜன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

இது ஒன்றுதான் அசல், மற்றதெல்லாம் நகல் என்று நீ எழுதலாம். எழுதினால் நம்புவேனா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிப் பழகிவிட்டேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அண்ணாவுக்குப் பிள்ளையில்லை என்று நீதான் கொள்ளி வைத்தாய், நீதான் பிண்டம் போட்டாய். அந்தக் கையால் எழுது. லென்ஸ் வைத்து நீ என்ன பார்த்தாய்?

மன்னி


கோவென்ட்ரி
14 ஜூலை 2024

மன்னிக்கு, சக்ரபாணி சேவித்து எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்யதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

புள்ளி இல்லை, மன்னி. ஒன்றில்கூட இல்லை.

தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. நானேதான் பார்த்தேன். பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஹாலில் மாட்டினேன். இங்கே படம் சேர்க்கிறவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "உன் கண் நல்ல கண்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. மாதங்கள் ஓடிவிட்டன. அப்புறம் காட்சிசாலை, புருஷோத்தமன் பெயர் என்று நீங்கள் எழுதினீர்கள். சுவரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கவேண்டும் என்று நினைத்தபோது என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், சனிக்கிழமைச் சந்தைகளில் அலைந்து அண்ணாவுக்குப் படங்கள் வாங்கி அனுப்புவேன். பனியில் நின்று வாங்குவேன். அவர் அதே லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவார்: "நகல்டா சக்கு. ஏமாந்துட்டே." ஒவ்வொரு தடவையும் அதேதான். அவர் சொன்னது சரிதான், அவை நகல்கள்தான். ஆனால் ஒன்றையாவது சுவரில் மாட்டியிருக்கலாம். நகல் என்ற அந்த வார்த்தையைத்தான் நான் உங்களுக்குத் திருப்பி எழுதினேன். எழுதும்போது, வெட்கமாக இருக்கிறது மன்னி, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணாவும் கொடுத்திருப்பார். அதுதான் என்னால் முடியவில்லை. போட்ட சட்டை அவர் கொடுத்தது, படித்த படிப்பு அவர் கொடுத்தது, விமான டிக்கெட் அவர் கொடுத்தது. என் வாழ்க்கையில் அவர் கொடுக்காமல் நானாக எடுத்துக்கொண்டது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் பூக்களை எரிப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆவணியில் அண்ணாவின் வருஷாப்திகத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சேவிக்கிறேன். காட்சிசாலைக்கு நானே அலைந்து ஏற்பாடு செய்கிறேன். மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டால் போதும்.

சக்ரபாணி


ஸ்ரீபெரும்புதூர்
3 ஆகஸ்ட் 2024

சக்ரபாணிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு நடமாடும்படி இருக்கிறது.

நீ ஒரு வார்த்தை எழுதினாய். எரித்தது நான். அதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இத்தனை நாளாகப் பிரித்துப் பார்த்தேன், பிரிபடவில்லை. லென்ஸ் என் வீட்டு மேஜையில்தான் இருந்தது. எடுத்துக் கண்ணில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஏமாந்தவர் என்று நீ சொன்னதும், ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று மனசு பாய்ந்து பிடித்துக்கொண்டது. என் அப்பாவின் சாவுக்கு வராததற்கு அவரைத் தண்டிக்க ஒரு வழி கிடைத்தது. நீ கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். மழை நாளில் அந்தப் பூக்களோடு நான் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினேனே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் இல்லாமல் உட்கார்ந்தேன். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

நேற்று முன்னறைப் பெண்களில் ஒருத்தி, "அத்தை, செவுத்துல என்ன இவ்வளவு ஆணி ஓட்டை?" என்று கேட்டாள். "எங்காத்து மாமா படம் மாட்டியிருந்தார். நல்ல படங்கள்" என்றேன். அந்த வார்த்தையை அவர் இருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தப் பெண் ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

வருஷாப்திகத்துக்கு வா. அது அவருக்குச் சேரவேண்டியது, அதை நான் தடுக்கமாட்டேன். சாஸ்திரிகளுக்குச் சொல்லியாயிற்று. நம்பிராஜனைச் சாமான்கள் வாங்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் புறப்படு. குன்றத்தூர்ப் பக்கம் போகாதே. அந்த முயலை நீ பார்க்கவேண்டாம்.

படங்களைக் கொண்டுவராதே.

நான் வாங்கிக்கொள்ளமாட்டேன். நீயாக எடுத்துக்கொண்டது ஒன்றாவது இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இருக்க முடியாது. குதிரைகள், நாய்கள், அந்தச் சதுர மாடு, துரைகள், எல்லாவற்றையும் இன்றைக்கு இந்தக் கடிதத்தின் மூலமாக உனக்குக் கொடுத்துவிட்டேன். உன் அண்ணா இருந்தால் என்ன செய்திருப்பாரோ அதைத்தான் அவர் சார்பில் செய்கிறேன். உன் ஹாலில் எங்கே மாட்டியிருக்கிறாயோ அங்கேயே இருக்கட்டும். யாராவது வந்து, நல்ல கண் உனக்கு என்று சொன்னால், அண்ணா கொடுத்தது என்று சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் காப்பியோடு வந்து அவற்றுக்கு எதிரில் உட்காரும்போது உனக்குத் தெரிந்தால் போதும். சட்டை, படிப்பு, டிக்கெட், அதற்கு அப்புறம் இது.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

அம்ருதவல்லி